சம்பந்தி வீட்டுக் காத்து

பெட்ரோல் ஆவியைப் பிடிக்கிற மெஷினுக்கு மொட்டைமாடி பேசி முடித்துக் கொடுப்பது என் தொழில். பிடித்த ஆவிக்கு "இதுக்கு மேல ஆகாது" என்று ஒரு அளவு எழுதுவது உங்கள் தொழில், ஐயா. என் வேலையை நான் செய்துவிட்டேன். நீங்கள் செய்யவில்லை. பெயர் சொல்ல மாட்டேன். ஃபைல் யார் மேஜையில் கிடக்கிறதோ அவருக்கு இந்நேரம் காது சூடாகியிருக்கும். எனக்கு அது போதும்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பங்க்கில் வரிசையில் நின்று மூக்கைப் பொத்தினவர்களே, ஆபீஸ் வாசலில் நின்று "அடுத்த வாரம் பாக்கலாம்" என்ற பதிலை வாங்கி வந்தவர்களே, நாமெல்லாம் ஒரே வரிசைதான். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டு புரோக்கர். ஆரோக்கியமேரி என்றால் யாருக்கும் தெரியாது, மேரியக்கா என்றால் தெருநாய்க்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் பாதியில் விட்ட படிப்பின் மீதியை வீட்டு ஓனர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். சென்னையிலிருந்து சுகந்தி மேடம் என்று ஒரு ஆராய்ச்சிக்காரர் வந்தார். "வெளிக்காத்துல பெட்ரோல் ஆவி எவ்ளோ இருக்கு, எவ்ளோ வரைக்கும் இருந்தா மனுஷனுக்கு ஆபத்தில்லன்னு பாக்கறோம். கடலூர்லயும் சிதம்பரத்துலயும் மாடி வேணும்" என்றார். வாடகைக்கா, போக்கியத்துக்கா என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தொழிலில் முதல் கேள்வி அதுதான்.

காலிக் குடம்

முதல் மாடி மஞ்சக்குப்பத்திலேயே அமைந்தது. வீட்டுக்காரம்மா பெயர் ஸ்டெல்லா, எங்கள் சர்ச்சுக்கே வருகிறவர். பேரம் சுலபம்: வாடகை வேண்டாம், துணி காயப்போடும் கம்பி அறுந்து கிடக்கிறது, அதைக் கட்டிக் கொடுத்தால் போதும். கட்டிக் கொடுத்தேன். சுகந்தி மேடம் எவர்சில்வரில் உருண்டையாக ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து மாடியில் வைத்தார். மெஷின் என்றது அதைத்தான். உள்ளே இருக்கும் காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் கொண்டுவருவார்கள். வாயைத் திறந்து வைத்தால் ஒரு நாள் முழுக்க ஊர்க்காற்றை மெதுவாக இழுத்துக்கொள்ளும். மறுநாள் மூடி, லேபுக்கு எடுத்துப்போய் அதில் என்னென்ன ஆவி என்று பிரித்துப் பார்ப்பார்கள்.

ஸ்டெல்லா அன்று முழுக்க வேலை வெட்டி இல்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் இல்லை, விளக்கு எரியவில்லை, ஒன்றும் சுற்றவில்லை. மறுநாள் மேடம் அதைப் பிள்ளையைத் தூக்குவது மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்க, ஸ்டெல்லா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏன் மேரி, காலிக் குடத்தக் கொண்டாந்து வெக்கிறீங்க, காலிக் குடத்தயே எடுத்துட்டுப் போறீங்க. இதுக்கு ஏசி காரு வேறயா?"

வாடகை கேட்காத வீட்டுக்காரி

சிதம்பரத்தில் பெட்ரோல் பங்க்கை ஒட்டின மாதிரி ஒரு மாடி வேண்டும் என்றார் மேடம். பங்க்குக்குப் பின்னால் ஒரே ஒரு காம்பவுண்டுச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் வசந்தாவின் வீடு. இட்லி மாவு அரைத்து விற்கிறவர். நான் வாயைத் திறக்கும் முன்பே "மாடிய எடுத்துக்குங்க" என்றார். பேரமே பேசாமல் ஒரு சொத்து கைக்கு வந்தால் அதில் வில்லங்கம் இருக்கும் என்பது என் அனுபவம்.

இருந்தது. வசந்தா தன் ஒரே மகள் கார்த்திகாவைப் பக்கத்துக் கடலோர ஊரான கிள்ளையில் கட்டிக்கொடுத்திருந்தார். பெண் மாசமாக இருக்கிறாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? ஆனால் கிள்ளைச் சம்பந்தியம்மா தனலட்சுமி ஒரு தடவை இங்கே வந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே காபி குடித்துவிட்டு, "இந்தக் காத்துலதான் எம் பேரப்புள்ள மொத மூச்சு உடணுமா" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து வசந்தாவுக்குத் தூக்கம் இல்லை. இந்தக் காற்று கர்ப்பிணிக்கு ஆகுமா, ஆகாதா? ஆகாது என்றால் அவரே மகளை அங்கே விட்டுவிடுவார். ஆகும் என்றால் ஊரைக் கூட்டி அழைத்து வருவார். வளைகாப்புக்குள் ஒரு பதில் வேண்டும், அதுதான் மாடிக்கு வாடகை.

சரி என்று கையடித்துக் கொடுத்துவிட்டேன். கொடுத்த வார்த்தையை விழுங்கினால் இந்தத் தொழிலில் மறுநாள் சோறு இல்லை. என் முகம் போன போக்கைப் பார்த்து வசந்தா சொன்னார்:

"வாடக கேக்காத ஊட்டுக்காரிய நீங்க பாத்ததில்ல மேரியக்கா, அதான் பேயப் பாத்தாப்பல நிக்கிறீங்க."

அளவுகோல் வீடு

அடுத்து மேடம், "பெட்ரோல் வாடையே இல்லாத நல்ல காத்து இருக்கற ஒரு எடம் வேணும், அதோட ஒப்பிட்டுப் பாக்க" என்றார். கடலும் பிச்சாவரம் காடும் பக்கத்தில் இருக்கிற கிள்ளையை விட நல்ல காற்றுக்கு எங்கே போவது? கிள்ளையில் யாரைத் தெரியும்? தனலட்சுமியைத் தெரியும். ஒரே பேரத்தில் இரண்டு மாடி. என் சாமர்த்தியத்தை நினைத்து நானே பூரித்துப்போனேன். நல்ல காற்றுக்கு மாமியார் வீடு, கெட்ட காற்றுக்கு அம்மா வீடு என்று மெஷின் வைத்தால் என்ன ஆகும் என்று என் புத்திக்கு அப்போது எட்டவில்லை.

தனலட்சுமி மாடியோடு சேர்த்துத் தன் வீட்டுக்காரரையும் விட்டுக்கொடுத்தார். அந்த மாமா தன் டிவிஎஸ்ஸைத் தெருமுனையிலேயே அணைத்துத் தள்ளிக்கொண்டு வர வேண்டும் என்று உத்தரவு. ஜெனரேட்டர் வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு சண்டை. தெருவில் நுழைந்த மீன் வண்டியைப் பாதியில் நிறுத்தி, மீனை மட்டும் நடந்து வரச் சொன்னார். "மேடம், காத்து போதுமா, இன்னும் வேணுமா?" என்று மாடிக்குத் தண்ணீர் கொடுத்தனுப்புவது மாதிரி கேட்டார். எல்லாம் முடிந்ததும் எங்கள் எதிரிலேயே சிதம்பரத்துக்குப் போன் போட்டார்.

"சம்பந்தி, நல்லா இருக்கீங்களா? ஒண்ணுமில்ல, எங்க ஊட்டுக் காத்த வெச்சுத்தான் ஒங்க ஊட்டுக் காத்த அளக்கப் போறாங்களாம், அதச் சொல்லலாம்னு கூப்புட்டேன்."

எலியிலிருந்து இறங்குதல்

காரில் போகும்போது ஒரு நாள் கேட்டேன்: "இந்த அளவ எப்பிடித்தான் மேடம் முடிவு பண்றீங்க?" எலிகளை ஆவியில் விட்டுப் பார்ப்பார்களாம். எந்த அளவு வரைக்கும் எலிக்கு ஒன்றும் ஆகவில்லையோ அதை எடுத்துக்கொள்வார்களாம். மனுஷன் எலி இல்லையே, அதனால் பத்தால் வகுக்க வேண்டும். எல்லா மனுஷனும் ஒன்றில்லையே, கர்ப்பிணி, கைக்குழந்தை, வீசிங் உள்ளவர் எல்லாம் உண்டு, அதனால் இன்னொரு பத்தால் வகுக்க வேண்டும். தெரியாத விஷயம் இன்னும் இருந்தால் அதற்கும் வகுக்க வேண்டும்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இது என் தொழிலேதான். ஓனர் சொன்னதில் முதலில் பாதியைத் தட்டு, குழாயில் தண்ணீர் வராததற்குக் கொஞ்சம் தட்டு, கக்கூஸ் வெளியே இருப்பதற்குக் கொஞ்சம் தட்டு. மேடம் நான் நினைத்ததை விடப் பெரிய கை. "அப்ப எதிர்க்கட்சி யாரு, ஏத்திக் கேக்க?" என்றேன். எண்ணெய்க் கம்பெனிகள், பங்க் ஓனர்கள், குடியிருக்கிறவர்கள், யார் வேண்டுமானாலும் கருத்து எழுதிப் போடலாமாம். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர் பாஸ்கர் அப்போதுதான் திரும்பினார்.

"எல்லாத் தரப்பும் வந்து பேசுது, அந்த எலி தரப்புல பேச ஒரு ஆளு உண்டா பாத்தீங்களா?"

வாசனை வந்தா நஷ்டம்

சிதம்பரம் பங்க் மேனேஜர் தங்கமான மனுஷன். எங்களைப் பார்த்ததும் தரையைக் கழுவி, சாமி படத்துக்கு முன்னால் ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொளுத்திவிட்டார். "ஊதுபத்திய அணைங்க சார், பெட்ரோல் பங்க் இது" என்று மேடம் அலறாத குறை. "எங்க பங்க்ல வாசனையே வராதுங்க மேடம். பெட்ரோல் ஆவியாப் போனா எனக்குத்தான நஷ்டம்? நஷ்டத்துக்கு எவனாவது கட தொறப்பானா?" என்றார். அதைச் சொல்லும்போதே டேங்கர் லாரி வந்து நின்றது. கீழே புதைத்த தொட்டிக்குள் பெட்ரோல் இறங்க இறங்க, ஏற்கெனவே தொட்டிக்குள் இருந்த ஆவி அத்தனையும் உயரமான குழாய் வழியாக வெளியே வந்தது. வெயிலில் குழாய் வாய்க்கு மேல் காற்று நெளிந்ததைக் கண்ணாலேயே பார்த்தேன். குழாய் வசந்தா வீட்டு மாடியைப் பார்த்து நிற்கிறது. மேனேஜர் கைக்குட்டையை எடுத்து, வியர்வை துடைக்கிற மாதிரி மூக்கிலேயே வைத்துக்கொண்டார்.

அந்த ஆவியை அப்படியே டேங்கருக்குத் திருப்பி அனுப்ப ஒரு ஹோஸ் உண்டு, ஏன் மாட்டவில்லை என்று மேடம் கேட்டார். நான் என் குரலில் கேட்டேன், அதாவது ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற குரலில். மனுஷன் அசரவில்லை.

"இவ்ளோதான் வரலாம்னு ஒரு அளவு எழுதி எடுத்துட்டு வாங்கம்மா, அன்னிக்கே மாட்டறேன். வெக்காத பரிட்சைக்கு நான் எதுக்குப் படிக்கணும்?"

சுவருக்கு எந்தப் பக்கம்

அந்தப் பங்க்கில் பெட்ரோல் போடுகிற ரேவதி, வசந்தாவுக்குப் பக்கத்து வீடு. மேடம் அவளுக்கு விளக்கினார்: பங்க்கில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு அளவு இருக்கிறது. திடகாத்திரமான ஆள், எட்டு மணி நேர வேலை, பிறகு வீட்டுக்குப் போய் நல்ல காற்றில் ஓய்வு, இந்தக் கணக்கில் போட்ட அளவு அது. அதைத் தூக்கிக் குடியிருக்கிற வீட்டுக்கு வைக்க முடியாது, வீட்டில் குழந்தை இருக்கும், நாள் முழுக்க அங்கேயே இருப்பார்கள். வெளிக்காற்றில் பென்சீன் என்கிற ஒரு சரக்குக்கு வருஷ சராசரி என்று ஒரு அளவு இருக்கிறது. ஆனால் டேங்கர் இறங்குகிற அந்த ஒரு மணி நேரத்துக்கு, மொத்த ஆவிக்கும் சேர்த்து, இன்னும் யாரும் எழுதவில்லை.

ரேவதி சீருடைத் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே கேட்டாள். பங்க்கையும் பார்த்தாள், சுவரையும் பார்த்தாள், சுவருக்கு மேலே தெரிந்த தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியையும் பார்த்தாள்.

"அப்ப எனக்கு டூட்டில இருக்கற வரைக்கும் லிமிட்டு உண்டு, செவுரு ஏறிக் குதிச்சு ஊட்டுக்குப் போயிட்டா கெடையாது. அப்பிடித்தான மேடம்?"

கௌரவத்துக்கு ஒரு கோட்டிங்

முதல் ரிசல்ட் வந்தபோது மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பங்க்குக்குப் பின்னால் இருக்கிற வசந்தா வீட்டை விட, கடலோரக் கிள்ளையில் ஆவி ஜாஸ்தி. கொஞ்ச நஞ்சமில்லை, அடித்துப் பிடித்து ஏறியிருக்கிறது. பாத்திரம் ஓட்டையா, லேபில் மாற்றிவிட்டார்களா என்று அவர் தலையைப் பிய்த்துக்கொண்டார். நான் பாஸ்கரைக் கூட்டிக்கொண்டு நேராகக் கிள்ளைக்குப் போனேன். தெருமுனையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. வீடு பளபளவென்று நின்றது. கேட் பச்சை, ஜன்னல் கம்பி நீலம், மாடிக் கைப்பிடி வெள்ளை, எல்லாம் எனாமல் பெயிண்ட். வாளியில் தின்னர் மிச்சம், அதுவும் பெட்ரோல் ஆவிக்குச் சொந்தக்கார ஆவிதான். அரசாங்கக் காற்று பிடிக்கிற வீடு இப்படியா துருப்பிடித்துக் கிடக்கும் என்று, மெஷின் வைத்துவிட்டு நாங்கள் திரும்பின அன்றே ஆளை விட்டு மெஷினைச் சுற்றி அடிக்கவைத்திருக்கிறார் தனலட்சுமி. "மெஷின் மேல ஒரு சொட்டு படல, நானே கூட நின்னு பாத்தேன்" என்று சத்தியம் வேறு செய்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வாளியைத் தலையில் கவிழ்த்திருப்பேன். ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. பாஸ்கர் இரண்டாவது கோட்டிங் காயாத கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்து, கையெல்லாம் பச்சையாகிப்போனார். அந்தச் சாம்பிளைத் தள்ளிவிட்டு, பெயிண்ட் காய்ந்து வாடை போன பிறகு திரும்ப எடுத்தோம். இரண்டாம் தடவை கிள்ளைக் காற்று ஒழுங்காகவே இருந்தது. ஆனால் அதற்குள் சேதி சிதம்பரத்துக்குப் போய், அங்கிருந்து போன் வந்துவிட்டது. வசந்தாவின் குரலில் அப்படி ஒரு கரிசனம்.

"சம்பந்தி, ஒங்க பக்கம் காத்து ரொம்ப மோசமாமே? ஒண்ணும் யோசிக்காம பொண்ண இன்னிக்கே இங்க அனுப்பி வெச்சிடுங்க, வயித்துப்புள்ளக்காரி பாருங்க."

ஜன்னல் வைத்தியம்

எல்லாச் சாம்பிளும் முடிந்து, மேடம் ஒரு அளவைச் சிபாரிசு செய்து எழுதி, அது உங்களிடம் வந்தது, ஐயா. வளைகாப்பு நெருங்குகிறதே என்று நானும் மேடத்தோடு வந்தேன். நாற்காலி கொடுத்தீர்கள், டீ கொடுத்தீர்கள், மறுக்கவில்லை. "அதிகமா வெச்சா ஜனங்க கேப்பாங்க, கொறச்சலா வெச்சா கம்பெனி கேக்கும், எதுவும் வெக்காட்டி யாரும் கேக்க மாட்டாங்க" என்று மனசில் நினைத்ததை வாயால் சொல்லாமல், மின்விசிறியைப் பார்த்து யோசித்தீர்கள். புரோக்கர் நான், முகம் படிப்பதுதான் என் சோறு. ஏதாவது ஒன்றை எழுதுங்கள், அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்ல, என்று கேட்டேன். மேடம் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார், இல்லாவிட்டால் இன்னும் கேட்டிருப்பேன். அப்போது நீங்கள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்:

"பரிசீலனைல இருக்கும்மா. அதுவரைக்கும் வாசன வந்தா ஜன்னலச் சாத்திக்கச் சொல்லுங்க."

வளைகாப்பு மாநாடு

கிள்ளையில் வளைகாப்பு. கார்த்திகா இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலோடு மணையில் உட்கார்ந்திருந்தாள். புளிசாதம், தயிர்சாதம், எலுமிச்சை சாதம் என்று வரிசையாக இருந்தது, எவரும் தொடவில்லை. தனலட்சுமி "அனுப்ப மாட்டேன்" என்கிறார். வசந்தா "கூட்டிட்டுத்தான் போவேன்" என்கிறார். சுகந்தி மேடத்தையும் அழைத்திருந்தார்கள், நலங்கு வைக்க இல்லை, நியாயம் சொல்ல. அவர் உள்ளதைச் சொன்னார்: "மத்த நேரம் நான் சிபாரிசு பண்ண அளவுக்குக் கீழதான் இருக்கு. டேங்கர் எறங்கும்போது தனியா பிடிச்சதுல மேல போகுது. ஆனா என் சிபாரிசு சட்டம் இல்ல."

சட்டம் இல்லாத இடத்தில் புரோக்கர் உண்டு. நான் நடுவில் உட்கார்ந்தேன். டேங்கர் வந்தால் பெண்ணைக் கீழ வீதியில் இருக்கும் வசந்தாவின் தங்கை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், இது தனலட்சுமி தரப்பு. சரி, ஆனால் நடக்க விடாமல் ஆட்டோவில், இது வசந்தா தரப்பு. டேங்கர் வருவது எப்படித் தெரியும்? ரேவதி சுவருக்கு மேலே குரல் கொடுப்பாள். ரேவதிக்கு லீவ் என்றால்? மேனேஜரே போன் செய்வார், நான் செய்யவைப்பேன். வாசனை அடங்கினதும் திரும்ப ஆட்டோ. இரண்டு சம்பந்தியும் தலையாட்டினார்கள். மேடம் மட்டும், "இது அளவு இல்ல மேரியக்கா, இது பஸ் டைம்டேபிள்" என்றார். இருக்கட்டும், பேரம் படிந்துவிட்டது என்று நான் புளிசாதத்தில் கை வைத்தேன். அப்போதுதான், இத்தனை பேரும் கேட்க மறந்த ஆள் வாயைத் திறந்தாள். வளையல் குலுங்க ஒரு கையைத் தரையில் ஊன்றி, வயிற்றைச் சரிசெய்துகொண்டு, கார்த்திகா நிதானமாகக் கேட்டாள்.

"டயரு இருக்கறது டேங்கருக்கு. வவுத்தத் தூக்கிக்கிட்டு நவுர வேண்டியது நானா?"

நான் புளிசாதத்திலிருந்து கையை எடுத்தேன். ஆனாலும் பேசின பேரம்தான் நடந்தது. இப்போது அவள் சிதம்பரத்தில் அம்மா வீட்டில் நிறைமாசமாக இருக்கிறாள். டேங்கர் வரும்போதெல்லாம் ரேவதி கத்துகிறாள், ஆட்டோ வருகிறது, பெண் ஏறுகிறாள், இறங்குகிறாள். ஆட்டோக்காரர் அவளுக்கென்றே ஒரு தலையணை வாங்கி வைத்துவிட்டார். வலி எடுக்கிற நேரம் டேங்கரும் வந்து நின்றால் என்ன செய்வது என்று வசந்தா என்னைத்தான் கேட்கிறார், ஏனென்றால் வார்த்தை கொடுத்தவள் நான். ஐயா, அந்த ஹோஸ் மாட்ட உங்கள் ஒரு வரி போதும். கூடுதலாக எழுதினால் நான் சண்டைக்கு வருவேன், குறைத்து எழுதினால் மேனேஜர் வருவார், எங்கள் இரண்டு பேருக்கும் நாற்காலியும் டீயும் போட்டுவையுங்கள், ஆனால் பிள்ளை பிறப்பதற்குள் எழுதுங்கள்.

விலையே சொல்லாத கடைக்காரனிடம் பேரம் பேசி ஜெயித்தவள் இந்த ஜில்லாவிலேயே கிடையாது, ஆகையால் முதலில் ஒரு எண்ணைச் சொல்லித் தொலையுங்கள், மீதியை நான் பேசி முடித்துக்கொள்கிறேன்.